இருபத்தொன்பது மார்க்

"மறுபடியும் இருபத்தொன்பதா?"

பிரின்சிபால் வெங்கடரமணன் கேட்டது கேள்வி மாதிரி இருந்ததே தவிர, கேள்வி இல்லை. பதில் அவருடைய கம்ப்யூட்டர் திரையிலேயே நின்றுகொண்டிருந்தது. தரணி, பி.ஏ., தமிழ்க் கட்டுரைத் தாள், எழுபத்தைந்துக்கு இருபத்தொன்பது. முப்பது எடுத்தால் பாஸ்.

மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்த தமிழ் லெக்சரர் தணிகாசலம் தொண்டையைச் செருமினார். "ஒரு மார்க்குதான் சார் போச்சு."

"போன தடவை?"

"அப்பவும் ஒரு மார்க்குதான் சார்."

"அதுக்கு முந்தி?"

"அது இருபத்தெட்டு."

"அதுக்கும் முந்தி?"

"இருபத்தொன்பது சார்."

"நாலு தடவை எழுதியும் அங்கேயே நிக்குது. கடிகாரம் நின்னுபோனா கூட ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி சரியான நேரம் காட்டும்யா."

வெங்கடரமணன் தெலுங்குக்காரர். ஆனால் சித்தூரில் பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் தமிழ் சரளமாக வரும். தணிகாசலத்திடம் அவர் அநேகமாகத் தமிழில்தான் பேசுவார்.

"வர்ற ஜனவரியில காலேஜோட தரம் பாக்கற கமிட்டி வருது. எந்த டிபார்ட்மெண்டுலயும் பழைய சப்ளி கேசு, அதான் அரியர், நிலுவையில இருக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மேத்ஸ் கிளியர். காமர்ஸ் கிளியர். தமிழ்ல மட்டும் ஒரே ஒரு பொண்ணு. அக்டோபர் பரீட்சையில அது பாஸ் ஆச்சுன்னா உங்க வேலையை நீட்டிக்கிற ஆர்டர்ல நான் கையெழுத்து போடறேன். இல்லன்னா அந்தப் போஸ்ட்டு கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்டுக்குப் போயிடும். அர்த்தமாயிந்தா?"

அர்த்தமாகிவிட்டது. திருப்பதியில் இருக்கும் அந்தக் காலேஜில் தணிகாசலம் பதினோரு வருஷமாக கெஸ்ட் லெக்சரர். கெஸ்ட் என்றால் விருந்தாளி. விருந்தாளியை எந்த வீட்டிலும் உட்காரச் சொல்வார்கள். பிரின்சிபால் அறையில் இதுவரை யாரும் சொன்னதில்லை. வயது நாற்பத்தேழு. எல்லைக்கு அந்தப் பக்கம் போய் வேலை கேட்டால் ஆந்திராக்காரர் என்கிறார்கள். இந்தப் பக்கம் கேட்டால் தமிழ்க்காரர் என்கிறார்கள். வேலை இல்லை என்று சொல்வதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றுமை. இந்தப் போஸ்ட்டு போனால் வேறு போஸ்ட்டு இல்லை. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

சந்தேகம் தரணியைப் பற்றித்தான். மூன்று வருஷப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். சரித்திரத்தில் அறுபத்துநாலு, பொருளாதாரத்தில் அறுபத்தாறு, அரசியல் அறிவியலில் அறுபத்தொன்று, எல்லாம் முதல் தடவையிலேயே. தமிழிலும் செய்யுள், இலக்கணம் எல்லாம் தாண்டிவிட்டாள். இந்த ஒரு கட்டுரைத் தாளில்தான் வண்டி நின்றுவிட்டது. மற்ற எல்லாரிடமும் தேறிய பெண் தன்னிடம் மட்டும் தேறவில்லை என்றால், கோளாறு தன்னிடம்தான் என்று தணிகாசலம் முடிவு கட்டினார். அவர் சுபாவம் அப்படி.

முறையாக ஆரம்பித்தார். யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் எழுதி நாலு விடைத்தாளுக்கும் நகல் வாங்கினார். தன் வீடு இருக்கும் சித்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து, மடிமேல் வைத்துக்கொண்டு, வரிசைக்கிரமமாகப் படித்தார்.

முதல் தடவை பரீட்சைக்கு முன்னால் அவர் தரணிக்குச் சொன்ன புத்தி: "முன்னுரை பலமா இருக்கணும்மா." தரணி நாலு பக்கத்துக்கு முன்னுரை எழுதியிருந்தாள். கடைசி வரி, 'இனி கட்டுரைக்குள் செல்வோம்.' செல்லவில்லை. பேப்பர் அங்கே முடிந்திருந்தது.

இரண்டாவது தடவை சொன்னது: "வளவளன்னு வேணாம், சுருக்கமா எழுது." மனித நேயம் என்ற தலைப்பில் தரணியின் முழுக் கட்டுரை இது: 'மனித நேயம் தேவை. அது இருக்கிற இடத்தில் இருக்கிறது. இல்லாத இடத்தில் இல்லை.' இருபத்தெட்டு வாங்கியது இதில்தான்.

மூன்றாவது தடவை சொன்னது: "அடிச்சுத் திருத்தி எழுது, முதல் தடவை வர்ற வாக்கியத்தை நம்பாதே." எல்லா வாக்கியத்தையும் அடித்திருந்தாள். திருத்தியதையும் அடித்திருந்தாள். விடைத்தாள் திருத்தியவர் பூதக்கண்ணாடி வைத்துத்தான் மார்க் போட்டிருக்கவேண்டும்.

நாலாவது தடவை: "உதாரணம் கொடு. உதாரணம் இருந்தாத்தான் நம்புவாங்க." சாலை விபத்துகள் என்ற தலைப்பு. புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில் நடந்த இருபத்துமூன்று விபத்துகளைத் தேதி, நேரம், லாரி, பஸ், செத்தவர் வயது என்று வரிசையாக எழுதியிருந்தாள். விபத்தைத் தடுப்பது எப்படி என்று ஒரு வரி இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டு வந்த ஆள், பதினான்காவது விபத்தில் எழுந்து டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "கொஞ்சம் மெதுவாப் போப்பா" என்றான்.

ஒரு கட்டுரையில் சேர்த்ததை இன்னொரு கட்டுரையில் தொலைத்து, ஒவ்வொரு தடவையும் முப்பதின் வாசற்படியில் வந்து விழுந்திருந்தாள்.

வீட்டில் அவர் மனைவி பிரேமலதா, காய் நறுக்கிக்கொண்டே நாலு பேப்பரையும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இந்தப் பொண்ணு உங்கள கிண்டல் பண்ணுது."

"சேச்சே. நல்ல பொண்ணு. சொன்னதைச் சொன்னபடி செய்யுது."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

தணிகாசலத்துக்கு அது ஏறவில்லை. அக்டோபருக்குள் சனிக்கிழமைதோறும் தனி வகுப்பு என்று தீர்மானித்து, தரணியின் அப்பா சிட்டிபாபுவுக்குப் போன் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் அப்பாவும் மகளும் வந்துவிட்டார்கள். புத்தூர் பக்கத்துக் கிராமம். ரயிலேறி வந்திருந்தார்கள். சிட்டிபாபுவுக்கு மாந்தோப்பு, ஐம்பது வயது, உரக்கப் பேசுகிற ஆள். கூடை நிறைய பெங்களூரா மாம்பழம் கொண்டுவந்து மேஜைமேல் இறக்கினார்.

"இந்த தபாவாவது கிளியர் ஆயிடுமா சார்? ஒத்த மார்க்கு சார். ஒத்த மார்க்குக்கு ரெண்டு வருஷமா நாயா அலைஞ்சிக்கினு கீறோம்."

"ஆயிடும். நான் பாத்துக்கறேன்."

"அடிக்கணும்னாலும் அடிங்க சார். நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

"நைனா, காலேஜ்ல அடிக்கமாட்டாங்க," என்றாள் தரணி.

"அதான் இப்படி கீது," என்று சொல்லிவிட்டு சிட்டிபாபு வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

தரணிக்கு இருபத்துமூன்று வயது. ஒல்லியாக இருப்பாள். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். நோட்டுக்கு அட்டை போட்டு, பெயர் எழுதி, ஓரத்தில் கோடு கிழித்து வைத்திருந்தாள். இந்த நோட்டைப் பார்த்தால் எந்த வாத்தியாருக்கும் நம்பிக்கை வரும்.

"தரணி, மழைநீர் சேகரிப்பு பத்தி எழுதிக்கினு வா. இந்தத் தடவை ஆரம்பத்துலயே படிக்கிறவன் மனசைப் பிடிக்கணும். கதை மாதிரி, ஒரு காட்சி மாதிரி ஆரம்பி."

"காட்சி மாதிரி. சரி சார்." எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆறு பக்கம் வந்தது. ஏரியில் ஒரு பிணம் மிதப்பதில் ஆரம்பித்தது. இரண்டாம் பக்கத்தில் போலீஸ் வந்தது. நாலாம் பக்கத்தில் கொழுந்தன்மேல் சந்தேகம் திரும்பியது. ஆறாம் பக்கம் முடியும்போது கொழுந்தன் ஓடிக்கொண்டிருந்தான்.

"மழைநீர் எங்கம்மா?"

"ஏரியில இருக்குது சார்."

"சேகரிப்பு?"

"அதுக்குள்ள பக்கம் முடிஞ்சிடுச்சி சார்."

தணிகாசலம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். கொலைகாரன் யார் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டார். "சரி. தலைப்பை விட்டு விலகக்கூடாது. ஒவ்வொரு வரியும் தலைப்போட ஒட்டிக்கினு இருக்கணும்."

"ஒவ்வொரு வரியுமா சார்?"

"ஒவ்வொரு வரியும்."

மூன்றாவது வாரம் வந்த கட்டுரையில் 'மழைநீர் சேகரிப்பு' என்ற சொல் தொண்ணூற்றாறு தடவை இருந்தது. தணிகாசலம் சிவப்பு மையால் எண்ணிப் பார்த்தார். 'மழைநீர் சேகரிப்பு என்பது மழைநீர் சேகரிப்பே ஆகும்' என்ற வரிக்கு அடியில் அலங்காரமாகக் கோடு வேறு போட்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி தூக்கத்தில் அவர் மழைநீர் சேகரிப்பு என்று முனகியதாகப் பிரேமலதா காலையில் சொன்னாள்.

நாலாவது வாரம், "எதிர்த்தரப்பு என்ன சொல்லுதுன்னும் எழுதணும். அப்பதான் கட்டுரைக்குக் கனம் வரும்," என்றார்.

எதிர்த்தரப்பைத் தரணி மனசு வைத்து எழுதினாள். மழைநீர்த் தொட்டியில் கொசு வரும், சுவர் ஊறும், குழந்தை விழும், மூடிபோட்டால் பூனை விழும் என்று அடுக்கிக்கொண்டே போய், முடிவுரையில், 'ஆகவே மழைநீரைச் சேகரிக்காதிருப்போமாக' என்று முடித்திருந்தாள். வாதம் அவ்வளவு பலமாக இருந்தது. தன் வீட்டு மாடியில் போட்ட குழாயைப் பிடுங்கிவிடலாமா என்று தணிகாசலமே ஒரு நிமிஷம் யோசித்தார்.

"என்னம்மா இது? நாம அந்தப் பக்கம் இல்லியே?"

"நானும் நம்ம பக்கம்தான் சார் ஆரம்பிச்சேன். அவங்க ஜெயிச்சிட்டாங்க."

"தரணி, உங்கிட்ட நல்ல போன் இருக்குது. இப்பல்லாம் போன்ல கேட்டா அதுவே கட்டுரை எழுதித் தருதாமே. ஒரு மாதிரிக்காவது அதைப் பாத்து எழுதக்கூடாதா?"

பதினோரு வருஷ உத்தியோகத்தில் தணிகாசலம் இப்படி ஒரு யோசனையை யாருக்கும் சொன்னதில்லை. சொன்னதும் அவருக்கே வெட்கமாக இருந்தது.

தரணி தலையாட்டினாள். "பாத்தேன் சார். வேணாம். அது நல்லா எழுதிடுது."

"நல்லா எழுதினா நல்லதுதானே?"

"எனக்குப் பழக்கமில்ல சார்," என்று நோட்டை மூடிவிட்டாள்.

ஜூலை போய் ஆகஸ்ட் வந்தது. பிரின்சிபால் வராந்தாவில் எதிர்ப்பட்டால், "எந்தவரகு வச்சிந்தி?" என்று கேட்பார். எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று அர்த்தம். தணிகாசலம் "வருது சார்" என்பார். கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்டுக்காரர்கள் ஒருநாள் டேப் எடுத்துவந்து தமிழ் அறையின் சுவரை அளந்துவிட்டுப் போனார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. இரண்டு தரப்பும் நாகரிகமாக நடந்துகொண்டது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, மீட்டிங் ஒன்று இழுத்துவிட்டதால் தணிகாசலம் முக்கால் மணி நேரம் லேட்டாக வந்தார். தரணி தலை குனிந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் வந்ததே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று படித்தார்.

நைனா மாமரத்திலிருந்து விழுந்து கை முறிந்தபோது, புத்தூர்க் கட்டு போடக் கூட்டிக்கொண்டு போன கதை அது.

'கட்டுப் போடுகிறவர் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊரு, இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்று பேச்சுக் கொடுத்தார். நைனா பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எலும்பை இழுத்து வைத்துவிட்டார். வலிக்கப்போகிறது என்று யாரும் முன்னால் சொல்வதில்லை. சொன்னால் கையை இழுத்துக்கொள்வோம். உள்ளே ஒருவர் கத்தும்போது, வெளியே வரிசையில் இருக்கிறவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டோடு வெளியே வருகிறவர் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறார். கத்தியது வேறு யாரோ என்பதுபோல.'

தணிகாசலம் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து கலங்கலாகத் தெரிந்தது.

"தரணி."

அவள் திடுக்கிட்டு நோட்டை மூடினாள். "இது கட்டுரை இல்ல சார்."

"இதை எழுதினவளா இருபத்தொன்பது வாங்கறே?"

"சும்மா எழுதினது சார். பரீட்சைன்னா கை வரமாட்டேங்குது."

"இதே மாதிரி எழுது! இவ்வளவுதான். பெண் கல்வின்னு ஒரு தலைப்பு. மனசுல இருக்கிறதை எழுது. உணர்ச்சியோட எழுது!"

"உணர்ச்சியோட," என்று அவள் குறித்துக்கொண்டாள். அவர் 'எழுது' என்றபோது அவள் முகத்தில் ஓடிய பயத்தை, ஊக்கம் என்று எடுத்துக்கொண்டு தணிகாசலம் அன்றைக்குப் பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் வந்த கட்டுரை இப்படி ஆரம்பித்தது: 'ஐயோ! பெண் கல்வி! அம்மம்மா! பெண் கல்வி! என் செய்வேன்! ஏது செய்வேன்!' மூன்று பக்கமும் இதே ஓலம். ஆச்சரியக்குறிகள் வேலிக்கால் மாதிரி வரிசையாக நின்றன.

பரீட்சைக்கு எட்டு நாள் இருந்தது.

தணிகாசலம் கட்டுரையைப் படித்து முடித்தார். சிவப்பு பேனாவை மூடி சட்டைப்பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இனிமே நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லம்மா. நான் எது சொன்னாலும் உனக்குக் கெடுதல்தான் பண்ணுது. எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியல. அவ்வளவுதான்."

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"இருக்குது. பதினோரு வருஷம் தெரியாமலே ஓட்டிட்டேன். இந்த வருஷத்தோட முடியுது." சொல்ல வேண்டாம் என்று நாலு மாசமாக வைத்திருந்ததைச் சொன்னார். கமிட்டி வருவது, ஆர்டர், கையெழுத்து, போஸ்ட்டு கம்ப்யூட்டருக்குப் போகப்போவது, சுவரை அளந்துவிட்டுப் போனது எல்லாம். "நாற்பத்தேழு வயசுல தமிழ் வாத்தியாரை இந்த ஊர்ல யாரு கூப்பிடுவாங்க? உன்னைப் பயமுறுத்தறதுக்குச் சொல்லல. நீ என் மேல கோவப்படக் கூடாதுன்னு சொல்றேன். இந்தத் தடவையும் ஆகலன்னா, அடுத்த தடவை உன்னைத் தயார் பண்ண நான் இங்க இருக்கமாட்டேன்."

தரணி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் பாஸ் ஆகறதுக்கும் உங்க வேலைக்கும் முடிச்சு போட்டது யாரு சார்?"

"பிரின்சிபால்தான். அவரையும் குத்தம் சொல்ல முடியாது. அவருக்கு மேல ஒருத்தர் இருக்காரு."

"வேற வழியே இல்லியா சார்?"

"வேற வழி இருந்தா உன்னை ஏம்மா இந்தப் பாடு படுத்தறேன்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே மரத்தடியில் சிட்டிபாபு அட்டெண்டரோடு வேர்க்கடலை தின்றுகொண்டு, எதையோ சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். தரணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பசங்க எத்தினி பேரு சார்?"

"ரெண்டு பொண்ணுங்க. பெரியது டென்த்து. நல்லாப் படிக்குது."

"படிக்க வைங்க சார்," என்றாள் தரணி. அப்புறம் நோட்டை மூடி, பையில் வைத்து, ஜிப்பை மெதுவாக இழுத்தாள். "நான் எழுதிடறேன் சார்."

"முடியுமா?"

"எழுதிடறேன்."

அந்தக் குரலில் இருந்த உறுதி தணிகாசலத்தை உலுக்கிவிட்டது. இத்தனை நாள் தவறவிட்ட சூட்சுமம் கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். கட்டுரை எழுதுவதில் தேர்ச்சி பெறப் பத்து வழிகள் என்று அவர் ஒரு டைரியில் குறித்து வைத்திருந்தார். அன்றைக்கு ராத்திரி பதினோராவது ஒன்றைச் சேர்த்தார்: 'மாணவருக்குப் பொறுப்பைக் கொடு.'

பிரேமலதா எட்டிப் பார்த்தாள். "யாரோட பொறுப்ப?"

"தூங்கும்மா," என்றார்.

டிசம்பரில் ரிசல்ட் வந்தது. எழுபத்தைந்துக்கு எழுபத்தொன்று. அந்தத் தாளில் யூனிவர்சிட்டியிலேயே அதுதான் உயர்ந்த மார்க் என்று பிரின்சிபாலுக்குப் போன் வந்தது.

வெங்கடரமணன் தணிகாசலத்தைக் கூப்பிட்டனுப்பினார். "கூர்ச்சோண்டி, கூர்ச்சோண்டி," என்று நாற்காலியைக் காட்டினார். தணிகாசலம் உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. நாற்காலி அவ்வளவு ஒன்றும் சொகுசாக இல்லை.

"இருபத்தொன்பதுலேருந்து எழுபத்தொண்ணா! எப்படிய்யா பண்ணீங்க?"

"முறையாச் சொல்லிக்கொடுத்தேன் சார்."

"உங்க முறை எல்லாருக்கும் பிரயோஜனப்படணும். டிகிரி பிள்ளைங்க அத்தனை பேரையும் ஹால்ல உக்கார வைக்கிறேன். நீங்க ஒரு மணி நேரம் பேசுங்க. அந்தப் பொண்ணையும் வரச்சொல்லுங்க." சொல்லிக்கொண்டே ஆர்டரில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மை காய்வதற்குள் தணிகாசலம் அதை மூன்று தடவை படித்தார். ஒரு வருஷம். ஆனாலும் ஒரு வருஷம்.

தரணிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். மார்க் ஷீட் வாங்கிக்கொள்ளவும் அவள் வரவில்லை. பாஸ் ஆன குஷியில் எங்காவது ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, சிட்டிபாபுவுக்குச் சொன்னார். "வர்றேன் சார்! கண்டிப்பா வர்றேன்! நானே உங்களப் பாக்க வரணும்னுதான் கீறேன்!" என்று அந்தப் பக்கம் சத்தமாகக் கேட்டது.

கூட்டத்தன்று ஹாலில் இருநூறு பிள்ளைகள். முதல் வரிசையில் கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்டுக்காரர்கள், டேப் இல்லாமல். மேடையில் ஒரு கரும்பலகை; அதில் தணிகாசலத்தின் முத்துமுத்தான கையெழுத்தில் பதினோரு வழிகள். புது இஸ்திரிச் சட்டையில் அவர் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வந்தார். மழைநீர் சேகரிப்பு தொண்ணூற்றாறு தடவை வந்த கதையைச் சொன்னபோது ஹால் அதிர்ந்தது. கொழுந்தன் ஓடிக்கொண்டிருந்த கதைக்குப் பிரின்சிபாலே மேஜையைத் தட்டினார்.

"இந்தப் பத்தும் பத்தல பிள்ளைங்களா. பதினோராவது ஒண்ணு இருக்குது. மாணவருக்குப் பொறுப்பைக் கொடுக்கணும். கொடுத்துப் பாருங்க. உள்ளே பூட்டி வச்சிருந்ததெல்லாம் தன்னால வெளிய வரும். அந்தப் பொண்ணு வந்துச்சு, எழுதுச்சு, ஜெயிச்சுது!"

கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் பின்வாசல் வழியாகச் சிட்டிபாபு உள்ளே வந்தார். பட்டுக்கரை வேஷ்டி, நெற்றி நிறைய குங்குமம், கையில் ஒரு துணிப்பை. தனியாகத்தான் வந்தார். பிரின்சிபால் அவரைப் பார்த்துவிட்டு மேடைக்கே கூப்பிட்டார். "இவர்தான் அந்தப் பொண்ணோட நாயனா. ரெண்டு வார்த்தை மாட்லாடுங்க!"

சிட்டிபாபு மைக்கைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கி, அப்புறம் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இதுல பேசத் தெரியாதுங்க. சாரப் பாக்கத்தான் வந்தேன். எங்களுக்கு அவரு தெய்வம்." பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, பூ, அதன்மேல் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. "மொத பத்திரிக சாமிக்கு வெச்சிட்டேன். ரெண்டாவது சாருக்குத்தான்."

தணிகாசலம் சிரித்துக்கொண்டே தட்டை வாங்கினார். "யாருக்கு கல்யாணம்?"

"நம்ம தரணிக்குத்தான் சார்! வர்ற புதங்கிழம. மாப்ள வெளி ஆளு இல்ல, என் பொஞ்சாதியோட தம்பிதான், கோபிகிருஷ்ணன். நாப்பது வயசு. பாவம், ரெண்டு வருஷமா காத்துக்கினு கீறான். நாலு தபா முகூர்த்தம் பாத்து, நாலு தபாவும் தள்ளிப்போச்சி."

ஹாலில் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். பிரின்சிபால் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டே, "ஏன் தள்ளிப்போச்சு?" என்று கேட்டார்.

சிட்டிபாபு மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"'பாஸ் ஆனா மறுபேச்சு இல்லாம மாமனக் கட்டிக்கிறேன், பெயிலா கீற வரைக்கும் என்ன உட்டுடுங்க நைனா'ன்னு என் கால்ல விழுந்து சத்தியம் வாங்கிக்கினா சார்!"